கடலட்டை நமக்கு உறவா, கணவாயா?

உப்புவெளி மாணவி:
கொட்டியாரக் குடாவின் கடலட்டைக்குத் தலையுமில்லை, மூளையுமில்லை. கணவாய்க்கோ இரண்டும் நன்றாக வளர்ந்துள்ளன. அப்படியிருக்க, கடலட்டையே முதுகெலும்பிகளுக்கு நெருக்கமானது என்று உயர்தர உயிரியலில் கற்பிப்பது எந்த அடிப்படையில்?

திருமலை ஆசிரியர்:
பிள்ளை, வளர்ந்த உடலை விட்டு முளையத்தைப் பாருங்கள். கருவுற்ற முட்டை பல கலங்களாகப் பிளந்து உள்ளீடற்ற கோளமாகி, அதன் சுவர் ஓரிடத்தில் உள்மடியும்போது உண்டாகும் முதல் துளை, கடலட்டையிலும் முதுகெலும்பிகளிலும் குதம் அமையும் பக்கமாகிவிட, வாய் பின்னரே வேறோரிடத்தில் திறக்கிறது. கணவாய், இறால், மண்புழு சேர்ந்த பிரிவில் வாயே முந்தியது என்பது வழமையான விளக்கம். 1908இல் விலங்கியலாளர் கார்ல் குரோபன் இவற்றை முறையே டியூட்டெரோஸ்டோம் (வாய் பிந்தியது), புரொட்டோஸ்டோம் (வாய் முந்தியது) எனப் பெயரிட்டுப் பிரித்தார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: 1891இல் உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ், இரு கலங்களாக இருந்த, கடலட்டையின் உறவான கடல் முள்ளெலியின் முளையத்தைக் குலுக்கிப் பிரித்தபோது, ஒவ்வொரு கலமும் சிறியதாயினும் முழுமையான குடம்பியாக வளர்ந்தது. மனிதரில் ஒத்த இரட்டையர் பிறப்பதும் இத்தகைய இயல்பினாலேயே.

நிலாவெளி வாசகர்:
கடலட்டையின் உறவான நட்சத்திரமீன் ஆரைச் சமச்சீருடையதாயிற்றே, அதாவது நடுவிலிருந்து சுற்றிலும் ஒரே மாதிரி அமைந்ததாயிற்றே. அதை ஏன் சொறிமுட்டையோடு சேர்ப்பதில்லை?

திருமலை ஆசிரியர்:
அதன் குடம்பி இருபக்கச் சமச்சீருடையது. ஐந்தாரை வடிவம் உருமாற்றத்தின்போதே வருகிறது. சொறிமுட்டைக்கு, முளையத்தில் உடல் உருவாகும் கலப்படைகளே இரண்டுதான்; நட்சத்திரமீனுக்கும் நமக்கும் மூன்று.

மூதூர் வாசகர்:
துளையை மட்டும் நம்ப இயலாது. பிரயாபுலிட் எனும் கடற்புழுக்களில் அது குதமாகவே மாறினாலும், மரபணு ஒப்பீடு அவற்றைப் புரொட்டோஸ்டோம்களான பூச்சிகளின் பக்கமே வைக்கிறது.