அப்பா அம்மா துபாய் பயணம்: மருந்துப் பை பத்தி நம்ம குடும்ப குரூப்பில் பேசினது

மீனா அக்கா துபாய்: அப்பா, டிக்கெட் போட்டாச்சு. வர்ற மாசம் 24ஆம் தேதி கிளம்புறீங்க, இங்க 75 நாள் இருக்கீங்க. மருந்து என்னென்ன, எவ்வளவு எடுத்துட்டு வரணும்னு இப்பவே பேசிடலாம். சரவணா, கொஞ்சம் பாருடா.

சரவணன் மெடிக்கல்ஸ்: பாத்துடலாம்க்கா. பெரியப்பா, நீங்களும் பெரியம்மாவும் சாப்பிடுற எல்லா அட்டையையும் பின்பக்கம் திருப்பி வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. முன்னாடி பெருசா இருக்கிற கம்பெனி பேரு வேண்டாம். பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன சேர்ந்திருக்குன்னு போட்டிருக்கும்ல, அதுதான் வேணும்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: என்னோடது சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால் எரிச்சலுக்கு ராத்திரி ஒரு வைட்டமின். இன்சுலின் காலைல 22, ராத்திரி 14. உங்க பெரியம்மாவுக்கு தைராய்டு, வயித்துக்கு ஒரு மாத்திரை, முட்டி வலி வந்தா மட்டும் ஒண்ணு. எல்லாம் வருஷக்கணக்கா சாப்பிடுறதுதானப்பா.

சரவணன் மெடிக்கல்ஸ்: மெட்பார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்ட்டன், தைராக்சின் நாலுக்கும் கவலை இல்ல. சீட்டோட எடுத்துட்டுப் போகலாம். ஆனா மூணு அட்டையை அப்படியே பையில போடக்கூடாது.

கால் எரிச்சலுக்கு நீங்க வைட்டமின்னு சொல்றதுல மெத்தில்கோபாலமின் மட்டும் இல்ல பெரியப்பா, கூடவே பிரிகாபலின் 75 மில்லிகிராம் இருக்கு. பெரியம்மாவோட முட்டி வலி மாத்திரை பாராசிட்டமால் 325, டிரமடால் 37.5 ரெண்டும் சேர்ந்தது. வயித்து மாத்திரையில டைசைக்ளோமின், கிளிடினியம் கூட குளோர்டயசிபாக்சைடு 5 மில்லிகிராம் இருக்கு. அது மனப்பதட்டத்தைக் குறைக்கிற வகை, டயசிபாம் இருக்குல்ல, அந்தக் குடும்பம். பிரிகாபலின், டிரமடால், இந்த டயசிபாம் வகை எல்லாமே அமீரகத்துல கட்டுப்பாட்டு மருந்து. முன் அனுமதி இல்லாம கொண்டுபோகக் கூடாது.

பெரியம்மா: வயித்து மாத்திரைக்குக் கூடவா? சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறதுதான அது.

சரவணன் மெடிக்கல்ஸ்: எதுக்குப் போடுறோம்னு கஸ்டம்ஸ்ல பாக்க மாட்டாங்க பெரியம்மா, உள்ள என்ன இருக்குன்னுதான் பாப்பாங்க. இந்த மூணையுமே போதைக்கு எடுக்கிறவங்க இருக்காங்க, அதான் அங்க இவ்வளவு கண்டிப்பு. அனுமதி இல்லாம இருந்தா பறிமுதல் பண்ணலாம், விசாரணைன்னு உக்கார வைக்கலாம், கேஸ் கூட ஆகலாம். ஊர்ல டாக்டர் எழுதின சீட்டு மட்டும் இதுக்குப் போதாது.

கலா அத்தை: அண்ணே, அண்ணி, ஒண்ணு சொல்றேன். இதைப் படிச்சிட்டு பயந்துபோய் இன்னிக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திடாதீங்க. பிரிகாபலினைச் சட்டுனு நிறுத்தினா தூக்கம் வராது, வேர்க்கும், தலைவலிக்கும், படபடப்பா இருக்கும். நிறுத்துறதா இருந்தா டாக்டர் சொல்ற மாதிரி ஒரு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அண்ணி தினமும் போடுற வயித்து மாத்திரைக்கும் இதே கதைதான். இன்னும் ஒரு மாசம் இருக்கு, நிதானமா டாக்டரைப் பாத்தாப் போதும்.

மீனா அக்கா துபாய்: டாக்டர்கிட்ட என்ன கேக்கணும் அத்தை?

கலா அத்தை: முதல்ல, மாத்திக் குடுக்க முடியுமான்னு கேளுங்க. முட்டி வலிக்கு வெறும் பாராசிட்டமால் 650 தாங்குமா, வயித்துக்கு குளோர்டயசிபாக்சைடு சேராதது ஒண்ணு எழுதலாமான்னு. அண்ணிக்கு ரெண்டுமே மாத்த வாய்ப்பு இருக்கு. அண்ணனோட கால் எரிச்சல் மாத்திரை மட்டும் அப்படி இல்ல, நரம்பு எரிச்சல் திரும்ப வந்தா ராத்திரி தூக்கமே போயிடும். அது கண்டிப்பா வேணும்னு டாக்டர் சொன்னா அனுமதி வாங்கி எடுத்துட்டுப் போறதுதான் சரி.

சரவணன் மெடிக்கல்ஸ்: அனுமதி ஆன்லைன்லதான்க்கா. அமீரக அரசோட சைட்ல, சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவர அனுமதின்னு ஒரு சேவை இருக்கு. நீங்க அங்க இருக்கிறதால நீங்களே உக்காந்து போட்டுடுங்க. பாஸ்போர்ட் காப்பி, மருந்துச் சீட்டு, நோய் என்னன்னு டாக்டர் லெட்டர் மூணும் கேக்கும். பயணத்துக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கும்போதே போடுங்க. ஏதாவது தெளிவா இல்லைன்னு திருப்பி அனுப்பினா சரிபண்ண நேரம் வேணும். அனுமதி வந்ததும் பிரிண்ட் எடுத்து பெரியப்பா கைப்பையில இருக்கணும், போன்ல மட்டும் இருந்தாப் பத்தாது.

அளவு விஷயம்: சாதாரண மருந்து மூணு மாசத்துக்கு வரைக்கும் பரவாயில்ல. கட்டுப்பாட்டு மருந்து பெரும்பாலும் 30 நாளைக்குத்தான் விடுவாங்க. அனுமதியில என்ன எண்ணிக்கை போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு மாத்திரை கூட வேண்டாம். மிச்ச 45 நாளைக்கு அங்க உள்ள டாக்டரைப் பாத்துதான் எழுதி வாங்கணும். நம்ம ஊர்ச் சீட்டைக் காட்டினா அங்க கடையில குடுக்க மாட்டாங்க.

மீனா அக்கா துபாய்: சரி, அதுக்கு இங்க ஒரு நரம்பு டாக்டர்கிட்ட முன்கூட்டியே அப்பாயின்மென்ட் வாங்கிடுறேன்.

கலா அத்தை: லெட்டர்ல பேரு கவனம் மீனா. நம்மாளுங்களுக்கு எப்பவும் இங்கதான் சிக்கும். கிளினிக் சீட்டுல "ராமசாமி, 68, ஆண்"னு மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டுல இனிஷியலை விரிச்சு அப்பா பேரையும் சேர்த்து இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அங்க உக்காந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டுல உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பேரு, பாஸ்போர்ட் நம்பர், என்ன நோய், மருந்தோட மூலப்பேரு (அட்டை பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற பேரு), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாளைக்கு, டாக்டரோட பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி. எல்லாம் லெட்டர்பேட்ல டைப் பண்ணி இருக்கணும். கையால எழுதினது நம்ம சரவணனுக்குப் புரியும், அவங்களுக்குப் புரியாது. அண்ணனுக்குத் தனி லெட்டர், அண்ணிக்குத் தனி லெட்டர்.

செல்வி சித்தி: சரவணா, எங்க மாமியாரும் சிங்கப்பூர் போறாங்க. எந்த மாத்திரை இப்படிப்பட்டதுன்னு நாங்களே கண்டுபிடிக்க வழி இருக்கா?

சரவணன் மெடிக்கல்ஸ்: பாதி வழி இருக்கு சித்தி. அட்டையில இடது மேல் மூலையில சிவப்புல "என்ஆர்எக்ஸ்"னு இங்கிலீஷ்ல இருந்தா, அது நம்ம நாட்டுலயே போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து. அல்பிரசோலாம், குளோனசிபாம், கோடீன், 2018லேர்ந்து டிரமடாலும் அதுல சேத்தி. ஆனா அந்தக் குறி இல்லைன்னா நிம்மதின்னு எடுத்துக்காதீங்க. பிரிகாபலின் அந்தச் சட்டத்துல வராததால அட்டையில வெறும் "ஆர்எக்ஸ்"தான் இருக்கும், அமீரகத்துல மாட்டும். அதனால மூலப்பேரைப் பாத்து, போற நாட்டோட பட்டியல்ல தேடணும். ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டியல் வேற, சிங்கப்பூருக்கு அவங்க சுகாதார அறிவியல் ஆணையத்தோட சைட்டைப் பாருங்க. இருமல் சிரப்பையும் திருப்பிப் பாருங்க, சிலதுல கோடீன் இருக்கும். வழியில வேற நாட்டுல இறங்கி விமானம் மாறினா அந்த நாட்டுச் சட்டத்தையும் பாக்கணும்.

பெரியப்பா: இன்சுலின் அங்கயே வாங்கிக்கலாம்ல மீனா? எதுக்குத் தூக்கிட்டு அலையணும்.

சரவணன் மெடிக்கல்ஸ்: வேண்டவே வேண்டாம் பெரியப்பா. இதைத் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. நீங்க போடுற குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். வெளிநாட்டுல கிடைக்கிறது ஒரு மில்லிக்கு 100 யூனிட். உங்க சிகப்பு மூடி சிரிஞ்ச் 40க்குன்னே கோடு போட்டது. அங்க 100 யூனிட் குப்பி வாங்கி, இங்கேர்ந்து கொண்டுபோன சிகப்பு மூடி சிரிஞ்ச்ல 22 கோடு வரைக்கும் இழுத்தீங்கன்னா உள்ள போறது 22 இல்ல, 55 யூனிட். ரெண்டரை மடங்கு! சுகர் அப்படியே இறங்கி நினைவே தப்பிடும். தலைகீழா, நம்ம 40 குப்பியை அங்க வாங்கின ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்ல 22 கோடு இழுத்தா 8.8 யூனிட்தான் போகும், சுகர் ஏறிக்கிட்டே இருக்கும். குப்பியும் சிரிஞ்சும் ஒரே ஜோடியா இருக்கணும்.

கணக்கு: 22ம் 14ம் ஒரு நாளைக்கு 36. 75 நாளைக்கு 2,700 யூனிட். 10 மில்லி குப்பியில 400 யூனிட், அப்போ 7 குப்பி ஆகுது. உடைஞ்சா, விமானம் தள்ளிப்போனா சமாளிக்க 2 சேர்த்து 9. சிரிஞ்ச் 150 வேணும், 170 எடுங்க. திறந்த குப்பி 11 நாள்ல முடிஞ்சிடும், அதனால கெட்டுப்போற பயம் இல்ல.

மீனா அக்கா துபாய்: இன்சுலினை பெரிய பெட்டியில வைக்கலாமா, கையிலயா?

கலா அத்தை: கையில. பெரிய பெட்டி போற அறையில குளிர் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது, பெட்டி தொலைஞ்சாலும் போச்சு. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் இளகினப்புறம் பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதேதான் ஐஸ் ஜெல் பாக்கெட்டுக்கும்: குப்பி மேல நேரா ஒட்டக்கூடாது, துண்டுல சுத்தி நடுவுல வைங்க. வீட்டுலேர்ந்து வீடு வர்ற வரைக்கும் பத்து மணி நேரம் ஆகும்னு வச்சுக்கிட்டாலும் இன்சுலின் தாங்கும், ஐஸ் இளகிடுச்சேன்னு பதற வேண்டாம். ஸ்கேனர்ல போனாலும் ஒண்ணும் ஆகாது. செக்யூரிட்டில தட்டு வைக்கும்போதே "இன்சுலின், ஊசி இருக்கு"ன்னு சொல்லி லெட்டரை மேல வைங்க. திரவம் 100 மில்லிதான்னு ஒரு விதி இருக்கே, சீட்டு உள்ள மருந்துக்கு அதுல தளர்வு உண்டு.

விமானத்துல ஊசி போடுறது சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வந்து வச்ச பிறகுதான். வண்டி தூரத்துல வரும்போதே போட்டுட்டு, குலுங்குதுன்னு பரிமாறுறதை நிறுத்திட்டாங்கன்னா சுகர் இறங்கும். பாக்கெட்ல குளுக்கோஸ் பிஸ்கட்டும் மிட்டாயும் இருக்கணும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னாடி, வேளை மாத்துறதுல பெரிய வேலை இல்ல. அங்க மணி பாத்தே போட்டுக்கலாம்.

மீனா அக்கா துபாய்: இங்க வெயில் 45 டிகிரி போகும். ஏர்போர்ட்லேர்ந்து வரும்போது மருந்துப் பையை டிக்கியில வைக்க விடமாட்டேன். வீட்டுல பிரிட்ஜ் கதவுத் தட்டு காலி பண்ணி வைக்கிறேன், பிரீசர் பக்கம் வைக்க வேண்டாம்.

சரவணன் மெடிக்கல்ஸ்: அட்டை விஷயம். கடையில "ஏழு மாத்திரை குடு"ன்னு வெட்டி வாங்குற பழக்கம் இந்தத் தடவை வேண்டாம். வெட்டினா பேரும் காலாவதித் தேதியும் உள்ள முனை அடுத்த ஆளுக்குப் போயிடும். முழு அட்டை, பெட்டியோட, உங்க பேருல பில்லோட எடுங்க. திங்கள் செவ்வாய்னு பிரிச்ச டப்பாவுல போடுறதெல்லாம் மீனாக்கா வீட்டுக்குப் போனப்புறம். தைராய்டு டப்பாவைப் பிரிக்காம புதுசா ஒண்ணு. பெரியப்பா மருந்து பெரியப்பா பையில, பெரியம்மா மருந்து பெரியம்மா பையில.

பெரியம்மா: நான் திரிபலா சூரணமும் கொஞ்சம் குருமா மசாலாவும் அரைச்சு எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்.

மீனா அக்கா துபாய்: அம்மா, மசாலாவுல கசகசா போடுவீங்கதானே? வேண்டாம்மா! கசகசா இங்க தடை, துளி இருந்தாலும் சிக்கல். சூரணம் பேரு போட்டு சீல் வச்ச டப்பா இருந்தா மட்டும். வீட்டுல பொட்டலம் கட்டின பொடி எதுவும் வேண்டாம், அது என்னன்னு அவங்களுக்கு விளக்க முடியாது.

பெரியப்பா: பக்கத்து வீட்டுக்காரர் அவர் மகனுக்கு ஒரு மருந்துப் பார்சல் குடுக்கிறேன்னார். சரின்னு சொல்லிட்டேன்.

கலா அத்தை: முடியாதுன்னு சொல்லிடுங்கண்ணே. எவ்வளவு நெருங்கின பழக்கமா இருந்தாலும் சரி. உங்க பேருல சீட்டு இல்லாத ஒரு மாத்திரை உங்க பையில இருந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். அவர் மகன் அங்கயே டாக்டரைப் பாத்து வாங்கிக்கட்டும்.

பெரியப்பா: சரிம்மா, சாயங்காலம் சொல்லிடுறேன். டாக்டர் செவ்வாய்க்கிழமை இருப்பார், டோக்கன் போட்டுடுறேன்.

சரவணன் மெடிக்கல்ஸ்: போகும்போது பாஸ்போர்ட் காப்பியும் எல்லா அட்டையும் கொண்டுபோங்க பெரியப்பா. டாக்டர் எதை மாத்துறார், எதை அப்படியே வைக்கிறார்னு தெரிஞ்சப்புறம் கடைக்கு வாங்க, காலாவதித் தேதி பாத்து எடுத்து வைக்கிறேன். லெட்டரை ஸ்கேன் பண்ணி மீனாக்காவுக்கு அன்னிக்கே அனுப்பிடுறேன்.

மீனா அக்கா துபாய்: அனுப்புடா. வந்த உடனே அனுமதிக்குப் போட்டுடுறேன்.