பிரசவத்தில் கீறல் போட்டுவிட்டால் பெரிய கிழிசல் வராது என்பது உண்மையா?

கேள்வி – ஈரோட்டு வாசகி:
எனக்கு இது முதல் குழந்தை; 33 வாரம் முடிந்திருக்கிறது; கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். என் அக்காவுக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தபோது கிழிசல் மலவாய்த் தசை வரை போய்விட்டது. வாயுவைக்கூட அடக்க முடியாமல் மாதக்கணக்கில் விசேஷங்களுக்கே போகாமல் இருந்தார். 'எப்படியும் கிழியும், டாக்டரே பிறப்புவாயில் கீறல் போட்டுவிட்டால் பெரிதாகப் போகாது' என்கிறார்கள் வீட்டில். இது சரியா? அல்லது சிசேரியனே கேட்டுவிடலாமா?

பதில் 1 – மகப்பேறு மருத்துவர்:
தலைப்பிரசவத்தில் சிறு கிழிசல் வருவது சாதாரணம். தோலோடும் அதனடியில் உள்ள தசையோடும் நிற்பவை தையலில் ஆறிவிடும். அஞ்ச வேண்டியவை மலவாய்ச் சுருக்குத் தசையைத் தொடும் மூன்றாம் நிலையும், மலக்குடல் உட்சவ்வு வரை போகும் நான்காம் நிலையும்தான். முதல் பிரசவம், 4 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை, மேல்நோக்கிய முகத்தோடு இறங்கும் தலை, நீண்டுபோகும் இரண்டாம் கட்டம் (முக்கித் தள்ளும் நேரம்), ஆயுதப் பிரசவம் ஆகியவை இந்த அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆயுதங்களிலும், தலையை உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவத்தைவிட, இடுக்கி போன்ற ஃபோர்செப்ஸில் இது அதிகம். இவற்றுள் உங்கள் கையில் இருப்பது சர்க்கரைக் கட்டுப்பாடு, ஏனெனில் அது தவறினால் குழந்தை பெருத்துவிடும்.

எல்லோருக்கும் வழக்கமாகக் கீறல் போடுவதை உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை. நேர் கீழாகப் போடும் கீறல் மலவாய் வரை நீண்டுவிடக்கூடும் என்பதால், ஆயுதப் பிரசவம் போன்ற தேவை வரும்போது, தலை வந்து தசை விரிந்து நிற்கையில் பக்கவாட்டில் சுமார் 60 பாகை சாய்வில் போடுவதே முறை. கிழிசல் பயம் ஒன்றுக்காக மட்டும் சிசேரியனை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அதன் தழும்பு அடுத்த கர்ப்பத்திலும் தொடரும் சிக்கல்.

பதில் 2 – லேபர் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்:
டாக்டரம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சகோதரி. 34, 35 வாரத்திலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறை, நகம் வெட்டிக் கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்ட கட்டைவிரல்களை யோனியின் வாயிலில் 3, 4 செ.மீ. உள்ளே வைத்து, கீழ்நோக்கியும் இருபக்கமாகவும் மெல்ல அழுத்தி நீவலாம். தலைப்பிரசவக்காரர்களுக்குக் கீறலின் தேவை இதனால் குறைகிறது. உதிரப்போக்கோ தொற்றோ பனிக்குடம் உடைந்த அறிகுறியோ இருந்தால் கூடாது. எனவே முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கும் கட்டத்தில் வெதுவெதுப்பான நீரில் பிழிந்த சுத்தமான துணியை அவ்விடத்தில் ஒற்றி வைத்தால் மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்கள் குறைகின்றன. தலை தெரியத் தொடங்கியதும் ஒரு கையால் தலையின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மறு கையால் கீழ்த்தசையைத் தாங்கிக்கொண்டு, 'இப்போது முக்காதே, வாயால் ஊது' என்று நாங்கள் சொல்வோம். அந்த இரண்டு மூன்று வலிகளின் நேரத்தில் அவசரப்படாமல் இருப்பதுதான், என் அனுபவத்தில், எந்தக் கீறலையும்விடப் பெரிய பாதுகாப்பு. வயிற்றின் மேல் கைவைத்து அழுத்தித் தள்ளுவதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. யாராவது அப்படிச் செய்ய வந்தால் துணைக்கு இருப்பவர் தயங்காமல் கேட்கலாம்.

பதில் 3 – இரண்டு குழந்தைகளின் தாய்:
எனக்கும் முதல் பிரசவத்தில் மூன்றாம் நிலைக் கிழிசல்தான். உடனே கண்டறிந்து, தியேட்டருக்குக் கொண்டுபோய், முதுகில் மயக்க ஊசி போட்டுத் தைத்தார்கள். பிறகு ஆன்டிபயாடிக், மலம் இளகும் மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. இப்படிச் சரியாகத் தைக்கப்பட்டவர்களில் 60 முதல் 80 சதவீதத்தினருக்கு ஓராண்டில் தொந்தரவே இருப்பதில்லை என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது. அக்காவுக்கு இன்னும் அடக்க முடியாத சிரமம் இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிரசவம் ஆனதும், தையல் போடும் முன் மலவாய் வழியாகவும் விரலால் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். கிழிசல் எந்த நிலை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த பிரசவத்தை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.