லேப்டாப் சார்ஜர், கார் சார்ஜர்: எதைப் பார்த்து வாங்குவது? (அனுபவப் பகிர்வு)

பழைய சார்ஜர் போய்விட்டால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதிது வாங்கத் தேவையான விவரமெல்லாம் அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறது. இன்புட் வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் 100–240 வோல்ட்தான், அதை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது அவுட்புட் வரி. 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 65 வாட் வரும்.

வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். 19-க்கும் 19.5-க்கும் உள்ள அரை வோல்ட் வித்தியாசம் பொதுவாகத் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம். 65 வாட் மெஷினில் 90 வாட் அடாப்டர் போட்டால் கெடுதல் இல்லை, மெஷின் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 90 வாட் மெஷினுக்கு 65 போட்டால்தான் வம்பு. அடாப்டர் கொதிக்கும், லோடு ஏறும்போதெல்லாம் கட் ஆகி மறுபடி வரும்.

பின் உள்ளே போகிறது என்பதற்காகப் பொருத்திவிடாதீர்கள். 5.5 மிமீ உருண்டைப் பின் மோடத்துக்கும் உண்டு, மானிட்டருக்கும் உண்டு, 24 வோல்ட் எல்இடி சப்ளைக்கும் உண்டு. 12 வோல்ட் வந்தால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். 24 வோல்ட் வந்தால் போர்டு போய்விடும்.

* * *

மேலே சொன்னதோடு நடு ஊசி விஷயத்தையும் சேர்க்க வேண்டும். டெல்லின் 7.4 மிமீ பின்னிலும், எச்பியின் நீல நிற 4.5 மிமீ பின்னிலும் உள்ளே மெல்லிய ஊசி ஒன்று நிற்கும். பலர் அதைப் பாசிட்டிவ் என்று நினைக்கிறார்கள். அது இல்லை. குழாயின் வெளிச்சுவர் நெகட்டிவ், உட்சுவர் பாசிட்டிவ், ஊசி வெறும் அடையாளக் கம்பி. அடாப்டர் எத்தனை வாட் என்பதை மெஷின் அதன் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

அந்த ஊசி வளைந்தாலோ, பின்னின் கழுத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்தாலோ, டெல் மெஷினை ஆன் செய்ததும் அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். மெஷின் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் குறையும். பேட்டரிதான் போய்விட்டது என்று புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுப்பது இந்த இடத்தில்தான். முதலில் அதே வகை வேறு அடாப்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் சோதிக்கும்போது டிசி 200 ரேஞ்சில் வையுங்கள். 20 ரேஞ்சில் வைத்தால், 20 வோல்ட்டைத் தொட்ட உடனே சாதாரண மீட்டர் இடது ஓரத்தில் 1 மட்டும் காட்டி நின்றுவிடும். மீட்டரின் சிவப்புப் புரோப் முனையைக் குழாயின் உட்சுவரில் மட்டும் சாய்த்துத் தொடுங்கள். தடித்த முனையைத் திணித்தால் உட்சுவரும் ஊசியும் ஒட்டிக்கொள்ளும். அடையாளக் கம்பியில் 19 வோல்ட் ஏறினால் டெல் அடாப்டருக்குள் இருக்கும் அடையாளச் சிப் போய்விடக்கூடும். நல்ல அடாப்டரைச் சோதித்தே கெடுத்தது போலாகும்.

* * *

டைப்-சி மெஷினுக்குக் கணக்கு வேறு. வோல்ட்டைச் சார்ஜரும் மெஷினும் பேசி முடிவு செய்கின்றன. 5, 9, 15, 20 என்று படிப்படியாக இருக்கும். பெரும்பாலான லேப்டாப்புக்கு 20 வோல்ட் வேண்டும். அதனால் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் உள்ள வாட்டைப் பார்க்காமல், சார்ஜர் மேலேயே உள்ள வரிசையில் "20 வோல்ட் 3.25 ஆம்பியர்" இருக்கிறதா என்று தேடுங்கள். 9 வோல்ட் 3 ஆம்பியரோடு வரிசை நின்றுவிட்டால் அது போனுக்கான சார்ஜர். 67 வாட், 80 வாட் போன் சார்ஜர்கள் பலவும் அந்தந்தக் கம்பெனி போனுக்கு மட்டுமே அந்த வேகத்தைக் கொடுப்பவை, லேப்டாப்பை அவை கண்டுகொள்ளாது.

கேபிளும் கணக்கில் வரும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 60 வாட். அதைத் தாண்ட, தான் எவ்வளவு தாங்கும் என்பதைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டு, டிராயரில் கிடந்த போன் கேபிளைச் செருகினால் 60-க்கு மேல் வராது.

* * *

காரில் லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய எந்தச் சார்ஜர் வாங்கலாம் என்று கேட்டிருந்தவர்களுக்கு. முதலில் காரின் ஃபியூஸைப் பாருங்கள், சார்ஜரை அப்புறம் பார்க்கலாம். 65 வாட் கொடுக்கும் சார்ஜர் சூட்டில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து சுமார் 74 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். சார்ஜர் மாட்டும் சாக்கெட்டின் ஃபியூஸ் சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு ஃபியூஸ் உள்ள காரில் 65 வாட் நிம்மதியாக ஓடும். அதோடு ஸ்பிளிட்டர் போட்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் மாட்டினால் ஃபியூஸ் போகும். போனால் அதே அளவுதான் போட வேண்டும். சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளைப் போட்டால் அடுத்த முறை எரிவது ஒயராக இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

100 வாட் என்று எழுதிய கார் சார்ஜர் பலவற்றில் அது எல்லாப் போர்ட்டையும் கூட்டிய கணக்கு. தனிப் போர்ட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஒரு இருபது நிமிஷம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியவில்லை என்றால் பக்கவாட்டு ஸ்பிரிங் தகடு சாக்கெட்டில் இறுக்கமாகப் படவில்லை. குண்டு குழி ரோட்டில் சார்ஜ் விட்டு விட்டு வருவதற்கும் இதுதான் காரணம். சார்ஜர் திடீரென்று செத்தால் பிளக்கின் முன்முனை வளையத்தைத் திருகிப் பாருங்கள். பலவற்றில் உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், வளையம் கழன்றதும் துள்ளி சீட்டுக்கடியில் ஓடிவிடும். விரலால் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு நீண்ட நேரம் வேலை பார்க்காதீர்கள். சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொண்டால், 6 ஆம்பியரில் இரண்டு மணி நேரம் ஓடினாலே மூன்றில் ஒரு பங்கு காலி. கொஞ்சம் வயதான பேட்டரி என்றால் அப்புறம் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைத்திருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 10-க்குக் கூட இறங்கி, பிறகு 14-க்கு ஏறும்.

லாரி, பஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட். 12–24 வோல்ட் இன்புட் என்று எழுதியிருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

* * *

வீட்டுச் சார்ஜர் பற்றி இரண்டு வரி. மூன்று பின் ஒயரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகினால், லேப்டாப்பின் மெட்டல் மூடியில் விரலை மெதுவாக இழுக்கும்போது சொரசொரவென்று அதிரும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் மெட்டல் உடம்பில் நிற்கிறது. எர்த் உள்ள சாக்கெட்டில் மாட்டினால் நின்றுவிடும். அங்கேயும் நிற்கவில்லை என்றால் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த்தே வராமல் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம், ஒரு நிமிஷ வேலை.