ஓவர்டேக் பாதியில் வண்டி இழுக்காமல் போன அனுபவம் உண்டா?

பதிவு 1

எனக்குப் போன மாதம் நடந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இருவழிச் சாலை. ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரியைத் தாண்ட வெளியே எடுத்தேன். ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தியும் சத்தம் மட்டும்தான் கனத்தது, முள் 80-லேயே நின்றது. பக்கத்தில் லாரியின் பின்சக்கர நட்டுகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. எதிரே ஒரு பேருந்து லைட் அடித்துக்கொண்டே வந்தது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டேன். பின்சீட்டில் இருந்த அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

83 எச்.பி. (குதிரைத்திறன், இன்ஜினின் சக்தி) என்று சொல்லித்தான் வண்டியை வாங்கினேன். அன்றைக்கு அது எங்கே போனது?

பதிவு 2

டீசலுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இழுவைக்கு டார்க்தான் (இன்ஜினின் சுழற்று விசை) முக்கியம், எச்.பி. விளம்பரத்துக்கு. ஆனால் எனக்கும் ஒன்று உறுத்துகிறது. என் டீசலில் டார்க் 190 என்.எம். (நியூட்டன் மீட்டர்), நண்பனின் பெட்ரோலில் 113. பயன்பாட்டில் இல்லாத ஒரு ஓடுதளத்தில் இரண்டையும் சேர்த்துக் கிளப்பினோம். முதலில் நான்தான் முன்னால். வேகம் ஏற ஏற, கண்ணாடியில் தெரிந்த அவன் வண்டி பக்கத்து ஜன்னலுக்கு வந்தது, அப்புறம் முன்னால் போயே போய்விட்டது. இவ்வளவு டார்க் இருந்தும் நான் எப்படிப் பின்தங்கினேன்?

பதிவு 3

என் கதை சின்னது. ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே மிதித்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் என் கையைப் பிடித்து லிவரை மூன்றுக்குத் தள்ளினார். மிதியை நான் தளர்த்திய பிறகும் வண்டி ஏறியது.

2-ஆவது பதிவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்ஜின் தரும் டார்க் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கடைசிப் பல்சக்கரம்) விகிதத்தாலும் பெருகித்தான் போகிறது. உங்கள் ஓட்டத்தையே தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்று சுற்றும். பெட்ரோல் வண்டி அப்போதும் இரண்டாவது கியரில் இருக்கலாம். மொத்த விகிதம் 8.3 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 8.3 சுற்று) என்றால் இன்ஜின் 5,800 சுற்று, அங்கே டார்க் 100 என்.எம்., சக்கரத்தில் 830. உங்கள் டீசல் 5,000 சுற்றுக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் மூன்றாவதுக்குப் போயிருப்பீர்கள். விகிதம் 4.4, இன்ஜின் 3,100 சுற்று, டார்க் 165 என்று வைத்தாலும் சக்கரத்தில் 726-தான். போதாததற்கு டீசல் இன்ஜின் எடையும் கூடுதல்.

எச்.பி. தனியாக வேறொரு சங்கதி இல்லை. டார்க்கைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் அது. என்.எம். கணக்கென்றால் 7,121-ஆல் வகுத்தால் எச்.பி. கிடைக்கும். ஒரே கியரில் போகும்போது டார்க் உச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் பிக்கப் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எந்தக் கியர் நல்லது என்று கேட்டால், அதிக எச்.பி. கிடைக்கிற கியர்தான்.

முதல் பதிவருக்கும் இதுவே பதில். உங்கள் 83 எச்.பி. 6,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஐந்தாவதில் 80 போகும்போது இன்ஜின் 2,400 சுற்று, டார்க் 105 என்றால் கையில் இருந்தது 35 எச்.பி. அதிலும் ஏசிக்கு ஒரு பங்கு, எதிர்க்காற்றுக்கும் டயர் உருளவும் ஒரு பங்கு. மீதிதான் வேகம் கூட்ட. மூன்றாவதுக்கு இறக்கியிருந்தால் 3,900 சுற்று, 61 எச்.பி. வெளியே எடுப்பதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள், லாரிக்குப் பக்கத்தில் போய் இறக்காதீர்கள்.

பதிவு 4

கணக்கு சரி. ஆனால் அவசரத்தில் கியர் இறக்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் 100-ல் போகும்போது ஐந்திலிருந்து நான்குக்கு இழுத்தேன். லிவர் இரண்டில் விழுந்தது. கிளட்ச்சை விட்டதும் முன்டயர்கள் கிறீச்சிட்டன, ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) முள் 7,000-ஐத் தாண்டிச் சிவப்பு எல்லைக்குள் போனது. ரெவ் லிமிட்டர் (இன்ஜின் வரம்பு மீறிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வு வளைந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கிறீச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பதிவு 5

பெரிய டயர் போட்டவர்கள் இருந்தால் படியுங்கள். அழகுக்காக விட்டம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிற டயருக்கு மாற்றினேன். அன்று மாலையே, தினமும் மூன்றாவதில் ஏறும் மேட்டில் வண்டி திணறி நின்றது, பின்னால் ஹாரன் வரிசை. டயர் பெரிதானால் எல்லாக் கியரையும் ஒரே அடியில் நீளமாக்கியதற்குச் சமம், தள்ளுவிசை 9 சதவீதம் போய்விட்டது. ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

பதிவு 6

மின்சாரக் காரில் முதல்முறை உட்கார்ந்தேன். சிக்னல் விழுந்ததும் தலை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கியர் மாற்றமே இல்லை, ஒரே விகிதம். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்கையும் கொடுக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் அந்தத் தள்ளல் குறைந்துவிட்டது. எச்.பி. உச்சத்தைத் தொட்ட பிறகு, சுற்று ஏற ஏற டார்க் இறங்கத்தானே வேண்டும்; 3-ஆவது பதிவர் சொன்ன எச்.பி. கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

பதிவு 1-ஐ எழுதியவர்

நேற்று காலியான சாலையில் தனியாகப் போய்ப் பழகினேன். 80-ல் மூன்றாவதுக்கு இறக்கி மிதித்ததும் வண்டி உடனே பாய்ந்தது. இப்படிச் சுற்றும் சத்தம் எனக்குப் பழக்கமில்லை, இன்ஜினுக்குக் கெடுதலா?

பதிவு 3-ஐ எழுதியவர்

இல்லை சார். உங்கள் சிவப்புக் கோடு 6,000-க்கு மேல்தான் இருக்கும், 3,900 அதற்குச் சாதாரண வேலை. இன்ஜின் சூடேறிய பிறகு மட்டும் செய்யுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் முன்பு இன்னும் நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.