முதல் ட்யூப் கிட்டார் ஆம்ப்: எந்த சர்க்யூட்டில் தொடங்கலாம்? 230 வோல்ட்டுக்கு என்ன பார்க்க வேண்டும்?

கோவை_ஸ்ட்ராட்

வணக்கம். ஃபஸ், ஓவர்டிரைவ் என்று பெடல்கள் கட்டத் தெரியும், சால்டரிங் சுத்தமாக வரும். ஆனால் இதுவரை தொட்டதெல்லாம் 9 வோல்ட்தான். அடுத்து ஒரு ட்யூப் ஆம்ப் கட்டி, அதிலேயே மாற்றங்கள் செய்து கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1, மார்ஷல் 18 வாட் இரண்டும் மனதில் இருக்கின்றன. அல்லது பழைய பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆம்ப் ஒன்றை வாங்கி அதில் கை வைப்பது சுலபமா? அமெரிக்க கிட்டில் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் வருகிறது. ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டலாமா, இல்லை இங்கேயே ரீவைண்டிங் கடையில் கட்டச் சொல்லலாமா? 350 வோல்ட் என்று சர்க்யூட் படத்தில் பார்த்தாலே கை தயங்குகிறது. அதையும் சொல்லுங்கள்.

ஆக்டல்8

சாம்ப். யோசிக்கவே வேண்டாம். மூன்றே வால்வு (ட்யூப்தான்): 12ஏஎக்ஸ்7, 6வி6ஜிடி, ரெக்டிஃபையருக்கு 5ஒய்3ஜிடி. ஒரே ஒரு வால்யூம், டோன் கன்ட்ரோல் கிடையாது, சுமார் 5 வாட். 18 வாட் அருமையான ஆம்ப்தான். ஆனால் அது புஷ்-புல் (இரண்டு பவர் வால்வு மாறி மாறி வேலை செய்யும்), நடுவில் அவற்றுக்கு எதிரெதிர் சிக்னல் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வேறு. கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்றே முதலில் புரியாது. பிசிபி ஆம்பில் ஒரு ரெசிஸ்டர் மாற்ற முழு போர்டையும் கழற்ற வேண்டும், இரண்டாம் முறை சூடு வைத்தால் பேட் உரிந்து வரும். கற்றுக்கொள்ள அது இடமில்லை. டர்ரெட் போர்டில் (உலோகக் குமிழ்களில் பாகங்களைச் சால்டர் செய்யும் போர்டு) கட்டுங்கள்.

படத்தில் உள்ள மதிப்புகளை அப்படியே வையுங்கள்: இன்புட்டில் 68 கே, 12ஏஎக்ஸ்7இன் இரண்டு பிளேட்டிலும் (சிக்னல் வெளிவரும் முனை) 100 கே, கேத்தோடுகளில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1.5 கே, ஸ்டேஜ்களை இணைக்கும் கப்ளிங் கெபாசிட்டருக்கு 0.022 மைக்ரோஃபாரட், 6வி6 கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) 220 கே, அதன் கேத்தோடில் 470 ஓம், அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக்குக்கு 22 கே. மதிப்பு மாறக்கூடாது, தாங்குதிறன் மாறலாம். பெடலுக்கு வாங்கிய கால் வாட் ரெசிஸ்டர்கள் பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும். இங்கே அரை வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள், பிளேட் ரெசிஸ்டர்களுக்கு 1 வாட். 470 ஓமில் ஓய்வு நிலையிலேயே கிட்டத்தட்ட 0.85 வாட் சூடு. அதற்கு 3 அல்லது 5 வாட், போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி. கப்ளிங் கெபாசிட்டர் 600 வோல்ட்.

ஃபில்டர் கெபாசிட்டரில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. ஓடும்போது 350 வோல்ட்தானே என்று 450 வோல்ட் கெபாசிட்டர் வாங்குகிறார்கள். 5ஒய்3 சில விநாடிகளில் சூடாகி மின்சாரம் தரத் தொடங்கிவிடும். 6வி6 சூடாக அதைவிட நேரம் ஆகும். அந்த இடைவெளியில் லோடே இல்லை, 325 வோல்ட் ஏசி 460 வோல்ட் டிசியாக ஏறி நிற்கும். லைன் 245 இருந்தால் 490. ஆகவே 500 வோல்ட் கெபாசிட்டர்தான். 'ஹம் குறையட்டும்' என்று முதல் கெபாசிட்டரை 47 மைக்ரோஃபாரட் ஆக்க வேண்டாம். 5ஒய்3க்கு அந்த இடத்தில் 20க்கு மேல் ஆகாது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வால்வு அடி வாங்கும். 16, அதன்பின் 10, 10 போதும். நடுவில் 10 கே, 22 கே.

சாக்கெட் எண்களை அடிப்பக்கத்திலிருந்து பார்த்து கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். மேலிருந்து எண்ணி கண்ணாடி பிம்பமாக வயரிங் செய்வது முதல் ஆம்புக்கே உரிய தவறு. 6வி6: 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேத்தோடு, 2ம் 7ம் ஹீட்டர். 12ஏஎக்ஸ்7: 1, 6 பிளேட்; 2, 7 கிரிட்; 3, 8 கேத்தோடு; ஹீட்டருக்கு 4ஐயும் 5ஐயும் சேர்த்து ஒரு பக்கம், 9 மறுபக்கம். 5ஒய்3: 4, 6 பிளேட், 2, 8 ஃபிலமென்ட், பி பிளஸ் (உயர் டிசி வோல்டேஜ்) 8லிருந்து.

டெஃப்லான்_வயர்

டிரான்ஸ்ஃபார்மர் பத்தி நான் சொல்றேன். ஸ்டெப்-டவுன் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்குன்னே கணக்குப் போட்டுக் கட்டின டிரான்ஸ்ஃபார்மர் நம்ம லைன்ல கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். லேபிள்ல 50/60ன்னு இருந்தா சரி. எப்படியும் 240 வோல்ட் பிரைமரி உள்ளதை ஆர்டர் பண்றதுதான் நல்லது. 230 டேப்புன்னா (டேப்னா வைண்டிங்லேர்ந்து எடுத்த முனை) சுவர்ல 245 வரும்போது 6.3 வோல்ட் ஹீட்டர் 6.7க்குப் போகும். 6.9 வரைக்கும் தாங்கும், ஆனா அங்கேயே ஓட்ட வேண்டாம்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரை இங்கே நல்லாவே கட்டித் தருவாங்க. எழுதிக் கொடுக்க வேண்டியது இதுதான்: பிரைமரி 0-230-240, 50 ஹெர்ட்ஸ், செகண்டரி 325-0-325, 100 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட் 2 ஆம்பியர், நடு டேப்போட. 5 வோல்ட் 2 ஆம்பியர். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல ஒரு சுத்து செம்புத் தகடு ஷீல்டு கேளுங்க. தகடோட ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. தொட்டா அதுவே ஷார்ட்டான ஒரு சுத்து ஆயிடும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கடையில கொடுக்காதீங்க. சாம்ப் மாதிரி ஒரே பவர் வால்வு உள்ள சிங்கிள் எண்டட்ல 40 மில்லி ஆம்பியர் டிசி எப்பவும் பிரைமரி வழியா ஓடிட்டே இருக்கும். அதுக்கு கோர்ல காத்து இடைவெளி வேணும்: ஈ தகடு எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடு எல்லாம் மறுபக்கம், நடுவுல காகிதம். பவர் டிரான்ஸ்ஃபார்மர் பழக்கத்துல மாத்தி மாத்தி அடுக்கிட்டா கோர் காந்தத்துல நிறைஞ்சிடும், பேஸ் காணாமப் போயிடும். 7 கே பிரைமரி, 4 ஓமும் 8 ஓமும் உள்ள ரெடிமேட் வாங்குங்க. வந்ததும் ஒரு சோதனை: பிரைமரிக்கு 6.3 வோல்ட் ஏசி கொடுங்க, 8 ஓம் முனையில 0.21 வோல்ட் கிட்ட காட்டணும், 4 ஓம்ல 0.15. தலைகீழா செகண்டரிக்குக் கொடுத்தா பிரைமரியில 180 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ஜாக்கிரதை.

ரெசிஸ்டர், டர்ரெட், டெஃப்லான் வயர், சாக்கெட்டெல்லாம் ரிச்சி தெருவுல அலைஞ்சா கிடைக்கும். 500 வோல்ட் கெபாசிட்டர் மட்டும் பழைய சரக்கா இருக்கான்னு தேதி பார்த்து வாங்குங்க.

கிரிட்லீக்

மேலே இருவரும் பாதுகாப்பைத் தொடவில்லை. வயரிங் தொடங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் குறுக்கே 220 கே, 2 வாட் பிளீடர் (சார்ஜை இறக்கும் ரெசிஸ்டர்). ஆஃப் செய்த பிறகு அரை நிமிடத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் பிளீடரின் சால்டர் விட்டுப்போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 10 கே, 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் வைத்து இறக்குங்கள். ஆன் நிலையில் அளக்கும்போது கருப்பு புரோபை குரோக்கடைல் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளங்கள். மறு கை பாக்கெட்டில். மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட், டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்க்கக் கூடாது. ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ.

சீரிஸ் போர்டு ஒன்று செய்துகொள்ளுங்கள், அதாவது லைனோடு தொடரில் 60 வாட் குண்டு பல்பு. எல்இடி உதவாது. முதலில் வால்வு எதுவும் இல்லாமல் ஆன் செய்யுங்கள்: பல்பு ஒரு முறை மினுக்கி அணைய வேண்டும். பளிச்சென்று நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஏசி வோல்டேஜ்களை அளந்துவிட்டு 5ஒய்3 மட்டும், அதன் பிறகு ஸ்பீக்கரை மாட்டி மற்ற இரண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போய்விடும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பைக் கழற்றிவிட்டு நேரடி லைனில் அளங்கள். பல்போடு அளந்த பயாஸ் (வால்வின் ஓய்வு நிலை மின்னோட்டம்) கணக்குக்கு உதவாது.

வர வேண்டியது: பி பிளஸ் 340-350, ஸ்கிரீன் 300 பக்கம், 12ஏஎக்ஸ்7 பிளேட்டுகளில் 150-190, கேத்தோடில் 1.2-1.5, 6வி6 கேத்தோடில் 19-20. கிரிட்டில், அதாவது 5ஆம் முள்ளில், சுழியம். அங்கே பாசிட்டிவாக ஒன்றிரண்டு வோல்ட் தெரிந்தாலும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது, 6வி6 பிளேட் சூட்டில் சீக்கிரம் சிவக்கும். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி சேஸிஸுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

கோவை_ஸ்ட்ராட்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே கட்டியாகிவிட்டது, இரண்டு சிக்கல். ஸ்பீக்கர் மாட்டியதும் வால்யூம் எங்கே இருந்தாலும் ஓயாமல் ஊளையிடுகிறது. இன்னொன்று, நேரடி லைனில் (244 வோல்ட், பிரைமரி 240 டேப்) 6வி6 பிளேட்டில் 368, கேத்தோடில் 22.4. இது அதிகம்தானே? கூடவே மெல்லிய ஹம் இருக்கிறது.

ஆக்டல்8

ஊளை: 22 கேயின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஃபீட்பேக் தலைகீழ். அவுட்புட் செகண்டரியில் ஜாக்கின் முனைக்குப் போகும் வயரையும் எர்த்துக்குப் போகும் வயரையும் இடம் மாற்றிவிட்டு 22 கேயைத் திரும்பப் போடுங்கள்.

வோல்டேஜ்: 22.4 ஐ 470 ஆல் வகுத்தால் 47.7 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு 5 சதவீதம் கழித்தால் பிளேட்டுக்கு 45. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 345 வோல்ட். பெருக்கினால் 15.6 வாட். 6வி6ஜிடிக்கு உச்சம் 14. லைன் பெரிய காரணம் இல்லை. இப்போது வரும் சில 5ஒய்3ஜிடி வால்வுகள் பழையவற்றைவிடக் குறைவாகவே வோல்டேஜ் இழக்கின்றன, பி பிளஸ் 20-30 வோல்ட் ஏறிவிடும். 470ஐ எடுத்துவிட்டு 680 ஓம், 5 வாட் போடுங்கள், 12 வாட் பக்கம் வரும். அப்போது கேத்தோடு 25 வோல்ட்டைத் தொடும். அதன் மேல் இருக்கும் பைபாஸ் கெபாசிட்டர் 25 வோல்ட் தானே? அதையும் 50 வோல்ட்டாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வெடிக்கும். மாற்றியதும் மறுபடி அளந்து கணக்குப் போடுங்கள்.

கிரிட்லீக்

ஹம் எந்த ரகம் என்று பாருங்கள், போனில் ட்யூனர் ஆப் போதும். 100 ஹெர்ட்ஸ் என்றால் பி பிளஸ் பக்கம்: ஃபில்டர் கெபாசிட்டர், அதன் எர்த். 50 என்றால் ஹீட்டர் அல்லது எர்த் லூப். ஹீட்டர் வயர்களை இறுக்கி முறுக்கி சேஸிஸ் மூலையோடு ஓட்டுங்கள், கிரிட் வயரைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக. 6.3 வைண்டிங்கின் நடு டேப் எர்த்தாகியிருக்கிறதா? டேப் இல்லையென்றால் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் எர்த்துக்கு. டேப் இருந்தால் இது வேண்டாம். எச்டி (325-0-325 உயர் வோல்டேஜ் வைண்டிங்) நடு டேப்பும் முதல் கெபாசிட்டரின் நெகட்டிவும் ஒரே புள்ளியில் சேர வேண்டும், ப்ரீஆம்ப் எர்த் எல்லாம் இன்புட் ஜாக் பக்கம். காய்ந்த மூங்கில் குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள், எது சத்தத்தை மாற்றுகிறதோ அதுதான் ஆள்.

டெஃப்லான்_வயர்

ஹம் அடங்கினதும் மாத்த ஆரம்பிக்கலாம். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும், ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாது.

முதல்ல சாலிடரே இல்லாதது: 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துட்டு 12ஏஒய்7. கெயின் பாதிக்கும் கீழே போகும், வால்யூமை நல்லா ஏத்தி வாசிக்கலாம். எதிர்த் திசையில போகணும்னா, முதல் ஸ்டேஜ் கேத்தோடு 1.5 கே மேல 22 மைக்ரோஃபாரட். அந்த ஸ்டேஜ் 32 மடங்கிலிருந்து 61 மடங்குக்குப் போகும், 6 டெசிபெலுக்குக் கொஞ்சம் கம்மி. ஹம்பக்கர்ல பேஸ் கொழகொழன்னு ஆச்சுன்னா 22க்குப் பதிலா 0.68 போடுங்க, சுமார் 150 ஹெர்ட்ஸுக்கு மேலதான் ஏத்தம் வரும், அடித்தந்தி இறுக்கமாவே இருக்கும். அதுவும் பத்தலைன்னா 6வி6க்கு முன்னாடி உள்ள 0.022ஐ 0.01 ஆக்குங்க.

என் ஓட்டு ஃபீட்பேக் சுவிட்ச்சுக்கு. 22 கேயோட ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் தொடர்ல. ஆஃப் பண்ணா கெயின் கூடும், சீக்கிரமே கரகரக்கும், ஸ்பீக்கர் கட்டுப்பாடில்லாம துள்ளும். ஃபீட்பேக்கை 4 ஓம் முனையிலிருந்தே எடுங்க. 8 ஓம்லேர்ந்து எடுத்தா ஃபீட்பேக் 1.4 மடங்கு ஆகி ஆம்ப் அடக்கமா ஒலிக்கும். ஓடும்போது சுவிட்சைத் தட்டினா 'டப்'னு ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க. ரெண்டாவது கேத்தோட்டோட டிசியில கொஞ்சம் 22 கே வழியா எர்த்துக்குப் போயிட்டிருந்தது, அது நின்னதால வர்ற சத்தம்தான்.