கூட்டு ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளாவது சேர்ந்து செய்யும் ஆய்வுக்குத் தொடக்க நிதி தருகிறார்கள். நான் கணிதம், கூட வருபவர் உயிரியல். செல்கள் பிரியும் வேகத்தை அவர் அளப்பார், நான் அதற்குச் சமன்பாடு எழுதுவேன், அதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'கட்டுரைகளில் ஆசிரியர் வரிசை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, மூன்று நாளாக அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் பெயர்களை அகரவரிசையில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அவர்கள் பக்கம் முதல் பெயர் அதிகம் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. என்னோடு வரும் உயிரியல்காரரின் பெயர் நடுவில் வந்தால் அவருடைய பதவி உயர்வுக்கு உதவாதாம். ஆய்விதழ்கள் பயன்படுத்தும் 'கிரெடிட்' (CRediT) என்ற பட்டியலில் உள்ள 14 பங்களிப்பு வகைகளை வைத்து யார் என்ன செய்தார் என்று எழுதிவிடலாம்தான், ஆனால் அது வரிசையைச் சொல்லாதே!

அப்புறம் பணம். அவருக்கு வேதிப்பொருள், நுண்ணோக்கி நேரம் என்று செலவு நீள்கிறது, எனக்கு ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகை போதும். சரிபாதியாகப் பிரிக்காவிட்டால் நான் பெயருக்கு ஒட்டிக்கொண்டவன் என்று மதிப்பீட்டாளர்கள் நினைப்பார்களா? இப்படி நிதி வாங்கியவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கடைசி நாள்.