புதுப்பிப்பு: நடக்க முடியாமல் கிடந்த தாராக்குஞ்சுகள் (திருகோணமலை)

கால் வளைந்து, எழும்ப முடியாமல் கிடந்த என் தாராக்குஞ்சுகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்போது நடக்கின்றன!

முதலில் கல்சியம் மருந்து கொடுத்தேன், மாற்றமில்லை. பலித்தது பதில் எழுதிய மட்டக்களப்பு அக்கா சொன்ன புரூவர்ஸ் ஈஸ்ட்தான் (பியர் வடிக்கும் ஈஸ்டைக் காயவைத்த தூள்). தாராக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நியாசின், அதாவது பி3 விற்றமின், தேவை. வெறும் கோழிக்குஞ்சுத் தீனில் அது போதாது, இந்த ஈஸ்டில் நிறைய உண்டு. ஒரு கப் தீனைத் தண்ணீரில் குழைத்து ஒரு மேசைக்கரண்டி ஈஸ்ட் கலந்தேன். பாண் சுடும் ஈஸ்ட் வேண்டாம், அது குடலில் புளிக்கும். சில நாளில் ஒரு குஞ்சு சின்னச் செட்டையை விரித்து, கிண்ண விளிம்பில் நெஞ்சைச் சாய்த்து நின்றது. அப்புறம் மற்றவையும் எழும்பின.

எதிர்பாராதது ஒன்று: மூட்டு அதிகம் வீங்கியிருந்த குஞ்சு இன்னும் நொண்டுகிறது. தசைநார் மூட்டைவிட்டு விலகியிருக்கிறது, இனி விற்றமின் மட்டும் போதாது என்றார் மிருக வைத்தியர். அதனால் கால் தடுமாறத் தொடங்கியதுமே ஈஸ்டைக் கொடுங்கள். வழுக்கும் தரையில் சாக்கும் விரியுங்கள்.